ஜெசி போன்

பழைய லேப்டாப்பிலிருந்து புதியதற்கு எல்லாம் போய்ச் சேர இன்னும் ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் என்று காட்டியது. காட்டிய கையோடு ஐம்பத்தெட்டு நிமிடம் என்றது. பெலிக்ஸ் டீயை எடுத்து வாயில் வைப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் என்றது. ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டான், தனியாக இருக்கிறவன் இப்படி வாய்விட்டுப் பேசுவது நல்லதா கெட்டதா தெரியவில்லை, வரவர அதிகமாகத்தான் ஆகிறது. சாப்பாட்டு மேஜையில் இரண்டு லேப்டாப்பும் பக்கத்துப் பக்கத்தில் திறந்திருந்தன, பழையதற்குள்ளிருந்து நகத்தால் மேஜையைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது. நேற்று உறையூர் சாலை ரோட்டில் ரிப்பேர் கடைக்காரர் அதன்மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஹார்ட் டிஸ்க் போவுது சார், ரெண்டு நாள் தாங்கும், மூணாவது நாளுக்கு நான் பொறுப்பில்ல, வேணுங்கறத இப்பவே எடுத்துருங்க" என்றார். வேணுங்கறது என்று அவர் சொன்னபோது இவன் தலையை ஆட்டினான், ஆட்டிக்கொண்டே வந்து புதியதை வாங்கினான், இரண்டையும் வீட்டு வைஃபையில் சேர்த்து, இதில் இருப்பதெல்லாம் அதிலும் இருக்கட்டும் என்று சிங்க் போட்டான். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கல்லூரி நூலகத்தின் பட்டியல்கள், அப்பாவின் நிலப்பத்திர நகல், பத்தொன்பது வருடத்து வருமானவரிக் காகிதங்கள், கல்யாண ஆல்பம், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பச்சை டிக் விழுந்துகொண்டே வந்தது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விழவில்லை. 'ஜெசி போன்' என்ற ஃபோல்டருக்கு நேராக ஒரு மஞ்சள் பெட்டி வந்து நின்றது. இந்தக் கோப்புறையில் புதிய கருவியைச் சேர்க்க உரிமையாளரின் அனுமதி தேவை. கீழே இரண்டு பொத்தான், அனுமதி கோரு, தவிர். இந்த சிங்க் ஆப்பைத் தமிழில் வைத்தது அவன்தான். இந்தத் தமிழுக்கு இங்கிலீஷே தேவலாங்க என்று மனைவி ஜெசிந்தா அப்போது சிரித்திருக்கிறாள்.

உரிமையாளர் திண்டுக்கல்லில் இருக்கிறாள். பதினாலு மாதமாக இருக்கிறாள். கோரினால் அவள் போனில் மணியடிக்கும், பெலிக்ஸின் புதுக் கருவி உங்கள் படங்களைப் பார்க்க விரும்புகிறது என்று வரும், அப்போது அவளுக்குத் தெரிந்துபோகும், பழைய கருவி இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது என்று. தவிர்த்தால் ஒன்றும் தெரியாது. பழைய லேப்டாப் நாளையோ மறுநாளோ செத்துப்போகும், அதோடு அவள் பக்கத்திலிருந்து வருகிற எல்லாமும் நிற்கும், அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, வந்துகொண்டிருந்ததே தெரியாதவளுக்கு நின்றால் என்ன. பெலிக்ஸ் டீயைக் குடித்தான், ஆறியிருந்தது. இதில் தான் திருட்டு எதுவும் செய்யவில்லை என்று ஆயிரம் தடவை தனக்குத்தானே சொல்லியிருக்கிறான். ஆயிரம் தடவை சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் உறுத்துகிறது. அவள் போனில் இடம் இல்லை, இடம் இல்லை என்று புலம்பியதால்தான் அந்த ஆப்பையே போட்டான். கிளவுடில் ஏற்றிவிடலாம் என்று இவன் சொன்னதற்கு, நம்ம வீட்டுச் சாமானை எதுக்கு ஊரான் வீட்டுப் பரண்ல ஏத்தணும் என்று கேட்டாள், அதுவும் நியாயம்தான் என்று பட்டது, போனிலிருந்து நேரே இந்த லேப்டாப்புக்கு வருகிற மாதிரி, நடுவில் யாரும் இல்லாத மாதிரி, தேடிப்பிடித்து இந்த ஆப்பை வைத்தான். கிளவுட் வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம் என்று அதில் ஒரு சுவிட்ச் இருந்தது, அதை அணைத்தே வைத்திருந்தான். அப்புறம் அவள் ஒரு பயிற்சி முகாமுக்குச் சென்னை போனாள், முகாமில் எடுக்கிற படம் உடனே வந்து சேரட்டும் என்று, ரெண்டு நாளைக்குத்தானே, அவளிடம் கேட்டே அந்த சுவிட்சைப் போட்டான். அவள் திரும்பி வந்தாள், சுவிட்சை அணைக்க மறந்துபோனது. நூலகத்தில் பதினெட்டாயிரம் புத்தகத்துக்கும் நம்பர் போட்டவன், கிளம்பும்போது எல்லா அறையிலும் மின்விசிறியை நிறுத்தினோமா என்று இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறவன், அந்த ஒன்றை மறந்தான். மறந்தானா என்று இப்போது கேட்டால் அவனுக்கே கொஞ்சம் சந்தேகம், ஆனால் அன்று மறந்ததுதான், அதில் சூது இல்லை.

அவள் போன பிறகு மூன்று மாதம் எதுவும் வரவில்லை. வைஃபை இருந்தால்தான் அனுப்பும் என்று போனின் டேட்டாவை மிச்சம் பிடிக்க அவனே வைத்த விதி, அவள் குடிபோன வீட்டில் வைஃபை இல்லை. ஃபோல்டர் அப்படியே கிடந்தது, கடைசிப் படம் இந்த வீட்டு வாசலில் நின்ற வேன், அதில் ஏற்றிய பீரோ. பிறகு ஒரு சாயங்காலம் இவன் காலேஜிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தால், படம் விழுகிறது. ஒன்று, இரண்டு, பத்து, முப்பது, நிற்கவே இல்லை, இருநூற்றுப் பதினாலு படம். அங்கே யாரோ வந்து வைஃபை கனெக்‌ஷன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மூன்று மாதத்தை யாரோ வாசலில் கொண்டுவந்து கொட்டின மாதிரி இருந்தது. அவன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் பார்த்தான், கால் வலித்தது, உட்காரத் தோன்றவில்லை. அப்படி என்ன இருந்தது அதில், ஒன்றும் இல்லை. கரும்பலகையில் எழுதிய பாடம், பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டின் பக்கம், ஒழுகுகிற குழாய், ஒழுகுகிற குழாய்க்குக் கீழே வைத்த வாளி, பிறகு புதுக் குழாய். ஒரு கடையில் நீலத்தில் ஒன்றும் பச்சையில் ஒன்றுமாக இரண்டு சேலை, யாருக்கோ அனுப்பிக் கேட்டிருக்கிறாள் எது நன்றாயிருக்கிறது என்று, யாரிடம் கேட்டாள், பச்சைதான் நன்றாயிருக்கிறது என்று இவன் இந்த மேஜையில் உட்கார்ந்து சொன்னான். மறுவாரம் ஆசிரியர் கூட்டப் படத்தில் நீலத்தில் இருந்தாள். கை தவறி அமுங்கி எடுத்த படங்களும் உண்டு, மின்விசிறி, செருப்பு, பஸ் ஜன்னல் கம்பி, அவளுடைய கட்டைவிரல் பாதி மறைத்த வானம், இவனுக்கு அவைதான் ரொம்பப் பிடித்தன, அவை யாருக்கும் காட்ட எடுத்தவை இல்லை. தினமும் காலேஜ் விட்டு வந்ததும் திறப்பான். படம் இல்லாத நாளில் சோறு இறங்காது. உறையூரில் இந்த மாடி வீட்டில் அவனோடு பேசுகிற ஆள் தண்ணீர் கேன் போடுகிறவர் மட்டும்தான், அவரும் எத்தனை கேன் என்பதற்கு மேல் கேட்பதில்லை. மாதா கோயிலில் இரண்டாம் பூசைக்குப் போனால் டீச்சர் வரலியா, டீச்சர் எப்ப வருவாங்க என்று நாலு பேர் கேட்கிறார்கள் என்று முதல் பூசைக்கு மாறினான், அங்கேயும் இரண்டு பேர் கேட்டார்கள், பூசைக்குப் போவதையே நிறுத்தினான். இன்றைக்கும் கோயில் மணியடித்தது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறான். ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தான். ஒரு படம் படுக்கைவாட்டில் வந்திருந்தது, புத்தகம் தலைகீழாக இருந்தால் கை சும்மா இருக்குமா, நிமிர்த்திவிட்டான். நிமிர்த்திய பிறகுதான் உறைத்தது, இங்கே நிமிர்ந்தால் அங்கேயும் நிமிரும், அவள் போனில் அவள் தொடாத படம் தானாக எழுந்து நிற்கும். இரண்டு நாள் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். போன் வரும், என்ன இது என்று கேட்பாள். வரவில்லை, கேட்கவில்லை, மூன்றாம் நாள் அதற்காகவும் வருத்தமாக இருந்தது.

முப்பத்தொரு நிமிடம் என்றது. மஞ்சள் பெட்டி அங்கேயே இருந்தது. போகிறேன் என்று அவள் சண்டை போட்டுச் சொல்லியிருந்தால் இவன் என்னவாவது பதில் சொல்லியிருப்பான் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவள் அப்படிச் சொல்லவில்லை. இதே மேஜையில் இவன் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் நின்று, "திண்டுக்கல்லுக்கு மாத்தல் கேட்டிருக்கேன்" என்றாள். இவன் "சரி" என்றான். அவ்வளவுதான் நடந்தது, பத்தொன்பது வருடத்தில் அதைவிடச் சின்னப் பேச்சு அவர்களுக்குள் நடந்திருக்காது. சொல்லிவிட்டு அவள் அங்கேயே நின்றாள், ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றாள், எவ்வளவு நேரம், அரை நிமிடம் இருக்கும், அந்த அரை நிமிடத்தில் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கத் தெரியாமல் இல்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளே என்று பயம். குழந்தை இல்லை என்பதைப் பற்றி, இந்த வீட்டில் சத்தமே இல்லை என்பதைப் பற்றி, உங்ககிட்ட பேசுறதும் பீரோகிட்ட பேசுறதும் ஒண்ணு என்று ஒருநாள் சொன்னதைப் பற்றி. பிறகு வேன் வந்தது. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்றான், பண்ணினாள், மாதம் ஒரு தடவை பேசினார்கள், அப்புறம் அதுவும் இல்லை, எட்டு மாதமாகக் குரல் இல்லை, படம் மட்டும்தான். படத்தில் இருப்பவளிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்பது அவனுக்கு வசதியாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதானே. மூன்று வாரத்துக்கு முன்னால் வரைக்கும் வசதியாக இருந்தது. அப்போது ஒருநாள், விளையாட்டு விழா ஒத்திகைப் படம் நாலு வந்தது, ஐந்தாவதாக ஒரு ஸ்கேன் சென்டர் சீட்டு. ஜெசிந்தா, வயது நாற்பத்து மூன்று, இடது மார்பு, கட்டி, இத்தனை மில்லிமீட்டர், சதை எடுத்துச் சோதிக்கவும். ஆறாவது படம் டோக்கன், முப்பத்தேழு. ஏழாவது மாத்திரை அட்டை. எட்டாவது ஆஸ்பத்திரி பெஞ்சில் அவளுடைய கைப்பையும் தண்ணீர் பாட்டிலும், கை தவறி எடுத்தது. பெஞ்சில் வேறு யாருடைய பையும் இல்லை. அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு படமும் இல்லை. மறுபடி கரும்பலகை, மறுபடி பதிவேடு.

இருபத்தொரு நாள். ரிசல்ட் ஒரு வாரத்தில் வந்துவிடும், அதுகூட அவனுக்குத் தெரியும், நூலகத்தில் மருத்துவம் வைத்திருக்கும் அறுநூற்றுப் பதினெட்டாம் நம்பர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தான், படித்த பக்கம் கனவில் வந்தது. தினமும் மாலை ஃபோல்டரைத் திறப்பான். வந்திருக்கக் கூடாது, வந்திருக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக. போனை எடுத்து அவள் பெயர் வரை போவான், எப்படி இருக்கே என்று கேட்கலாம், எட்டு மாதம் கழித்துத் திடீரென்று ஏன் கேட்கிறீங்க என்பாள், சும்மாதான் என்றால் சும்மாவா என்பாள், டீச்சர், விடமாட்டாள், அப்புறம் சொல்ல வேண்டியிருக்கும், சொன்னால் பதினோரு மாதமாக ஒளிந்திருந்து பார்த்த ஆள் என்று ஆகிவிடும், கட்டிய புருஷன்தான், ஆனாலும் ஒளிந்திருந்து பார்த்தது பார்த்ததுதான். போனை வைத்துவிடுவான். அவளுக்கு யார் இருக்கிறார்கள், அம்மா இல்லை, அக்கா கத்தாரில். நாளைக்கு வரும் என்று இருந்தான், நாளைக்கு நாளைக்கு என்று இருபத்தொரு நாள். இந்தப் பழைய லேப்டாப் இப்போது சாகப்போகிறது. பதினாறு நிமிடம். தவிர் என்று போட்டால் அவள் உயிரோடு இருக்கிறாளா என்பதே இனி அடுத்தவர் சொல்லித்தான் தெரியும். அனுமதி கோரு என்று போடலாம், அவள் பார்க்காமலே ஓகே கொடுத்துவிடுவாள், போனில் எது கேட்டாலும் படிக்காமல் சரி அமுக்குகிறவள், எத்தனை தடவை திட்டியிருக்கிறான், அப்படி அமுக்கிவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை, இவன் பாட்டுக்கு இன்னும் பத்து வருஷம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் சந்தோஷமாக இருந்தது, உடனே கேவலமாக இருந்தது. பழையது டக் டக்கென்று இரண்டு தடவை பலமாகத் தட்டியது, திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பி வந்தது, அவன் பயந்துபோய் அனுமதி கோரு என்பதை அமுக்கிவிட்டான்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. போன் அடித்தது. ஜெசி என்று வந்தது. எடுத்தான்.

"என்னங்க."

"ம்."

"என் போன்ல என்னமோ வந்திருக்கு. உங்க பேர் போட்டு, புது லேப்டாப்னு. எதுக்குன்னு புரியல. அமுக்கப் போயிட்டு, உங்க பேராச்சேன்னு நிறுத்திட்டேன்."

அவள் குரல் தடித்திருந்தது, வகுப்பில் கத்திக் கத்தி. பக்கத்தில் எங்கேயோ குக்கர் விசில் போட்டது. பெலிக்ஸ் எழுந்து நின்றுகொண்டான்.

"அந்தப் பழைய ஆப்பு. நிறுத்தவே இல்ல. நீ எடுக்கிற படமெல்லாம் இங்க வந்துக்கிட்டுத்தான் இருக்கு."

"எப்பலேர்ந்து?"

"நீ அங்க வைஃபை போட்டதுலேர்ந்து."

அவள் மனசுக்குள் கணக்குப் போடுவது இவனுக்குத் தெரிந்தது. "எல்லாமேவா?"

"எல்லாந்தான்."

"அதுல என்னங்க இருக்கு பாக்க? வெறும் ஸ்கூல் படந்தானே." சிரித்த மாதிரி இருந்தது. திட்டப்போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றவனுக்கு அந்தச் சிரிப்பைத் தாங்கவில்லை. இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேவிட்டான்.

"டெஸ்ட் எடுத்தியே. என்னாச்சு?"

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான், நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்லை. சாதாரணக் கட்டிதான். ரிசல்ட் வந்து பதிமூணு நாளாச்சு."

அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். மாதாவே என்றான், அவளுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னான். "படம் வரலியே" என்றான்.

"எடுக்கல. யாருக்கு அனுப்பப் போறேன்." பிறகு, "அந்தச் சீட்டு எப்ப வந்துச்சு உங்களுக்கு?" என்றாள்.

"அன்னிக்கே. சாயங்காலம்."

"அப்ப மூணு வாரமாத் தெரியும்."

"ம்."

"தெரிஞ்சும் ஒரு போன் பண்ணல."

"எப்படித் தெரியும்னு நீ கேப்பியேன்னு."

"கேட்டிருக்க மாட்டேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் படிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"டோக்கனக் கையில வச்சிக்கிட்டு மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒரு அம்மா, கூட யாரும் வரலியாம்மான்னு கேட்டாங்க. வந்திருக்காங்க, வண்டிய நிறுத்திட்டு வராங்கன்னு சொன்னேன். அவங்க பேர் கூப்பிட்டு எழுந்து போற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அன்னிக்கு நீங்க மட்டும் கூப்பிட்டிருந்தா, எப்படித் தெரியும், யார் சொன்னா, எதுவும் நான் கேட்டிருக்கவே மாட்டேங்க. அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வாங்கன்னு சொல்லியிருப்பேன்."

இவன் வாயைத் திறந்தான். மூன்று வாரம், பதினோரு மாதம், சேலை, குழாய், எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதற்குள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனைக் கிட்டத்தில் வைத்துப் படிக்கிறாள் என்று அவள் மூச்சிலிருந்தே தெரிந்தது.

"எல்லாக் கருவிக்கும் மறுன்னு ஒண்ணு இருக்கு. அதப் போடுறேன்" என்றாள். "அடுப்புல வேலை இருக்கு. வைக்கிறேன்."

மேஜையில் மஞ்சள் பெட்டி சிவப்பாகி, மறுக்கப்பட்டது என்று வந்தது. அதன் பின்னாலேயே, பழைய லேப்டாப்பிலும் ஃபோல்டர் பட்டியலில் அந்தப் பெயர் மங்கி, இருந்த இடம் தெரியாமல் போயிற்று, உள்ளே இருந்த படங்களோடு. பெலிக்ஸ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவள் நன்றாக இருக்கிறாள், அது போதும் என்று சொல்லிப் பார்த்தான், போதவில்லை, இந்த வீட்டில் யாரும் இல்லாததால் அழுதும் பார்த்தான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கேட்டிருக்க மாட்டேன் என்று அவள் சொன்னது அறையிலேயே இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான், அவள் பெயருக்குப் போனான், வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்காமல் அமுக்கினான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவன் கூப்பிட்ட மணி திண்டுக்கல்லில் அடித்தது. எடுக்கவில்லை. முழு ரிங்கும் போய் நின்றது. மறுபடி போட்டான்.